சாவி யார் கையில்?

பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து 40 ஆண்டுகளாகிவிட்டன. அது வகுப்பறைக்குள் நுழைவதும் பூட்டிய அறையில் தூங்குவதும் பெரும்பாலும் ஒருவரைப் பொறுத்தது: தலைமையாசிரியர். கருவிகளுக்குக் கோடிகளை ஒதுக்கிய அரசுகள் அவரைப் பற்றி யோசிக்க மறந்தன.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அந்த அறையைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஜன்னல்களில் இரும்பு வலை. கதவில் ஒன்றுக்கு இரண்டு பூட்டு. வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி ஓர் அறிவிப்பு. உள்ளே மேஜைகளின் மீது துணியுறை போர்த்திய கம்ப்யூட்டர்கள். பிகாரானாலும் ஒடிசாவானாலும் மத்தியப் பிரதேசமானாலும் காட்சியில் பெரிய மாற்றமில்லை. சாவி எங்கே என்று கேட்டால் கிடைக்கும் பதிலிலும் மாற்றமில்லை: ஹெட்மாஸ்டரிடம். அன்றைக்கு அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போயிருந்தால், அறை திறக்காது. அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்படுவதுமில்லை.

மத்திய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் யூடைஸ் பிளஸ் கணக்கெடுப்பைப் படித்தால் நிலைமை உற்சாகமாகவே தெரியும். நாட்டிலுள்ள 14.7 லட்சம் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வசதி உள்ளவை 2023-24-ல் 57.2 சதவிகிதம். மறு ஆண்டே அது 64.7 சதவிகிதமாக உயர்ந்தது. இன்டர்நெட் இணைப்பு 53.9 சதவிகிதத்திலிருந்து 63.5 சதவிகிதமாயிற்று. ஓராண்டில் இது கணிசமான பாய்ச்சல்தான். ஆனால் இந்தக் கணக்கு பெட்டிகளை எண்ணுகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள், கணக்கு ஆசிரியர் எத்தனை பாடங்களுக்கு அதைப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் இந்த எண்களில் வராது. அவற்றைத் தீர்மானிப்பது டெல்லியோ மாநிலத் தலைநகரமோ அல்ல. பள்ளியின் முதல் அறையில் உட்கார்ந்திருப்பவர்.

அமெரிக்காவில் ரொனால்டு ஆண்டர்சன், சாரா டெக்ஸ்டர் ஆகிய ஆய்வாளர்கள் 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து 1998-ல் திரட்டப்பட்ட தகவல்களை அலசி, 2005-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். வகுப்பறையில் தொழில்நுட்பம் பயன்படுவதற்கு, கருவிகளின் எண்ணிக்கையையும் செலவிட்ட பணத்தையும்விட, பள்ளித் தலைமையின் செயல்பாடே முக்கியம் என்பதுதான் அது. தலைமையை அவர்கள் அளந்த விதம் சுவாரஸ்யமானது. பிரின்சிபாலின் பேச்சுத் திறமையையோ பட்டங்களையோ அவர்கள் பார்க்கவில்லை. பள்ளியில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறதா, தனியாகப் பணம் ஒதுக்கப்படுகிறதா, திட்டமிட பிரின்சிபால் நேரம் செலவிடுகிறாரா, அவரே தினசரி வேலைக்கு மின்னஞ்சலைப் பயன்படுத்துகிறாரா என்பன போன்ற சாதாரணக் கேள்விகளைத்தான் கேட்டார்கள்.

இந்த முடிவு இந்தியாவுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கக் கூடாது. ஏனென்றால் இதற்கு எதிரான பாடத்தை இந்தியா அதற்கு முன்பே, அதிக விலை கொடுத்துப் படித்திருந்தது.

பெட்டி வந்தது, திட்டம் போனது

பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் முதன்முதலில் பெரிய அளவில் போனது 1984-85-ல். 'கிளாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்கீழ், பிரிட்டனில் பள்ளிக் குழந்தைகளிடம் பிரபலமாகியிருந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் இந்தியப் பள்ளிகளில் இறங்கின. முதலில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய திட்டம், பிறகு 2,598 பள்ளிகளுக்கு விரிந்தது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மேலும் 2,371 பள்ளிகள் சேர்ந்தன. அதற்குள் பிபிசி மைக்ரோ பழங்கதையாகி, அதன் விநியோகமே நின்றுவிட்டது. 2004 டிசம்பரில் அடுத்த அத்தியாயம்: 'ஐசிடி@ஸ்கூல்ஸ்' என்ற மத்தியத் திட்டம். 2010-ல் அது திருத்தப்பட்டபோது, கருவிகளுக்காக ஒரு பள்ளிக்கு ரூ. 6.4 லட்சம் ஒதுக்கப்பட்டது. 2018-ல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா'வில் கரைந்தது.

பெயர்கள் மாறின, இயந்திரங்கள் மாறின. பூட்டிய அறை மட்டும் மாறவில்லை. காரணம் தலைமையாசிரியரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையான காரணம் பயம்.

பள்ளிக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. அதற்குப் பொறுப்பாளி தலைமையாசிரியர். மானிட்டர் உடைந்தாலோ, கீபோர்டு காணாமல் போனாலோ, தணிக்கைக்கு வருபவர் கேள்வி கேட்பது அவரைத்தான். ஓய்வு பெறும்போது, அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி எதுவுமில்லை என்ற சான்று வேண்டும். அது கிடைக்கத் தாமதமானால் ஓய்வூதியப் பலன்களும் தாமதமாகும். மறுபுறம், கம்ப்யூட்டர் அறையை ஓராண்டு முழுக்கத் திறக்காமலே வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமையாசிரியர்கள் அபூர்வம். பயன்படுத்தினால் ஆபத்து, பயன்படுத்தாவிட்டால் பாதுகாப்பு என்று நிர்வாகமே சொல்லிக்கொடுக்கிறது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் ஒருவர் பூட்டைத் தேர்ந்தெடுத்தால் அதில் வியப்பில்லை.

போதாக்குறைக்கு, பல மாநிலங்கள் தலைமையாசிரியரைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் கண்டுபிடித்தன. கம்ப்யூட்டர்களைப் பொருத்துவது, பராமரிப்பது, பாடம் நடத்த ஆளை அனுப்புவது எல்லாவற்றையும் சில ஆண்டு ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் 'மாஹிதி சிந்து' திட்டம் இந்த வகை. பெங்களூரைச் சேர்ந்த 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' அமைப்பு இதையும் கேரளத்தின் அணுகுமுறையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வெளியார் நடத்திய திட்டத்தில் கம்ப்யூட்டர் தனித் தீவாகிவிட்டது, பள்ளியின் ஆசிரியர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்பது அதன் கணிப்பு. ஒப்பந்தம் முடிந்து ஆள் போய்விட்டால், அந்த அறையைத் தன்னுடையது என்று சொல்ல பள்ளியில் யாரும் மிஞ்சுவதில்லை.

கேரளம் கண்ட வழி

கேரளம் 2001-ல் 'ஐடி@ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கும் இதே பயங்கள் இருந்தன. ஆனால் அங்கே எடுக்கப்பட்ட சில முடிவுகள் தலைமையாசிரியரின் கணக்கையே மாற்றின.

முதலாவது, வெளியிலிருந்து ஆள் வரவில்லை. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும், அங்கேயே பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் ஆனார். பயிற்சி கொடுத்தவர்களும் வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்கள். மலையாளமும் கணக்கும் நடத்துகிறவர் கம்ப்யூட்டர் பற்றிப் பேசும்போது, சக ஆசிரியர்களுக்கு நடுக்கம் குறைகிறது. தலைமையாசிரியருக்கும் நம்பிக்கையாகச் சாவியைக் கொடுக்க ஓர் ஆள் கிடைக்கிறது.

இரண்டாவது முடிவு இன்னும் சாமர்த்தியமானது. 2000-களின் மத்தியில் ஐ.டி. பாடம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இடம்பெற்றது, செய்முறைத் தேர்வோடு. தேர்ச்சி விகிதம்தான் ஒரு தலைமையாசிரியரின் மானம். செய்முறைத் தேர்வு இருக்கிறபோது அறையைப் பூட்டி வைக்க முடியாது. பெற்றோர்கள் விட மாட்டார்கள். எந்தச் சுற்றறிக்கையாலும் திறக்க முடியாத கதவைத் தேர்வு திறந்தது.

மூன்றாவதாக, லைசென்ஸ் கட்டணம் கேட்காத கட்டற்ற மென்பொருளுக்கு மாநிலம் மாறியது. பழுது பார்க்க மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்து 'ஹார்டுவேர் கிளினிக்'குகள் நடத்தப்பட்டன. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் வெடித்துவிடாது என்பது மாணவர்களைவிடத் தலைமையாசிரியர்களுக்கு அவசியமான பாடமாக இருந்தது.

2017-ல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. 2018 ஜனவரியில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் 4,752 பள்ளிகளில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 45,000 ஹைடெக் வகுப்பறைகள் உருவாயின. அறைக்கு ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், ஒலிபெருக்கி. இங்கே கவனிக்க வேண்டியது கருவிகளை அல்ல, நிபந்தனையை. கூரை, மின் இணைப்பு, பத்திரமான கதவு என்று அறையைப் பள்ளி தயார் செய்த பிறகே கருவி வந்தது. தலைமையாசிரியர்கள் பெற்றோர்-ஆசிரியர் கழகத்தையும், பஞ்சாயத்தையும், பழைய மாணவர்களையும் தேடிப் போனார்கள். ஊர்ப் பணமும் ஊர்க்காரர்களின் உழைப்பும் சேர்ந்த அறையைப் பூட்டி வைப்பது கடினம். இன்னொரு பக்கம், கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதமும் காப்பீடும் இருந்தன. இணையத்தில் புகார் பதிந்தால், பழுதைச் சரிசெய்யத் தாமதிக்கும் நிறுவனத்துக்கு அபராதம். ஓய்வூதியத்தைப் பற்றிய பயத்தை, மேடைப் பேச்சால் அல்ல, ஒரு காப்பீட்டுப் பத்திரத்தால் போக்கினார்கள்.

அதே 2018-ல் பிறந்த 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் ஏறத்தாழ 2,000 உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. அனிமேஷன், மலையாளக் கணினி, ஹார்டுவேர் என்று கற்கும் இந்த மாணவர்கள், வகுப்பறைக் கருவிகளைப் பராமரிப்பதிலும் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கிறார்கள்.

சோதனை 2020-ல் வந்தது. கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், ஜூன் 1 அன்று விக்டர்ஸ் டிவியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. 2005-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அதே கல்விச் சேனல். வீட்டில் டிவியோ இணைய வசதியோ இல்லாத குழந்தைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களைத் தேடிப்பிடிப்பது திருவனந்தபுரத்தில் இருந்து நடக்கிற காரியமல்ல. எந்த வீட்டில் டிவி இல்லை, எந்த நூலகத்தில் வைத்தால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது பள்ளிக்குத்தான் தெரியும். நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது மையங்கள் திறந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 12-ல், 16,000-க்கும் அதிகமான பள்ளிகளில் 3.74 லட்சம் கருவிகள் இயங்குவதாக அரசு அறிவித்தது.

கேரளத்திலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரே வளாகத்தில் உயர்நிலைப் பிரிவுக்குத் தலைமையாசிரியர், மேல்நிலைப் பிரிவுக்கு பிரின்சிபால் என்று இரண்டு தலைகள் பல காலம் இருந்தன. எம்.ஏ. காதர் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2019-ல்தான் பிரின்சிபால் பள்ளியின் தலைவர், தலைமையாசிரியர் துணை பிரின்சிபால் என்று ஆனது. எதிர்ப்பும் கிளம்பியது. 56 வயதில் ஓய்வு என்பதால், பணி மூப்பில் அந்த நாற்காலிக்கு வருகிற பலருக்குச் சில ஆண்டுகளே மிச்சமிருக்கும். ஆனால் ஒருங்கிணைப்பாளரும் தேர்வும் காப்பீடும் அங்கேயே இருப்பதால், புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

ஒரே மென்பொருள், இரண்டு விளைவு

அறை திறந்துவிட்டால் மட்டும் போதுமா? குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு போதாது என்கிறது. பொருளாதார நிபுணர் லீ லிண்டன், 'ஞான் ஷாலா' என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் கணக்குப் பாடத்துக்கான மென்பொருள் ஒன்றின் பயனை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார். சில பள்ளிகளில் வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். மற்றவற்றில் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கொடுத்தார்கள். வகுப்பைப் பறிகொடுத்த குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். கூடுதல் நேரம் பெற்றவர்கள், குறிப்பாகப் படிப்பில் பின்தங்கியவர்கள், முன்னேறினார்கள். கருவி ஒன்று, மென்பொருள் ஒன்று. மாறியது டைம்டேபிள்.

டைம்டேபிள் போடுவது தலைமையாசிரியரின் வேலை. நல்ல ஆசிரியரின் வகுப்பைக் கெடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதா, ஆசிரியர் இல்லாத வகுப்பை அங்கே அனுப்புவதா, யாருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று பார்த்து அனுப்புவதா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பெரும் முதலீடு செய்த நாடுகளில் மாணவர்களின் வாசிப்போ கணக்கோ குறிப்பிடும்படி உயரவில்லை என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2015-ல் அறிவித்தது. இந்தப் பாடத்துக்குக் கரும்பலகையே போதும் என்று சொல்லத் தெரிந்த தலைமையாசிரியரும் தொழில்நுட்பத்தை வழிநடத்துபவர்தான். அதிகாரி வரும் அன்று மட்டும் ஸ்மார்ட் கிளாஸ் விளக்கை ஏற்றுபவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

நாற்காலிக்கு வருபவர்கள்

ஆனால் இப்படி யோசிக்க அவருக்கு நேரமிருக்கிறதா? மதிய உணவுக் கணக்கு, சைக்கிள் விநியோகம், தேர்தல் பணி, கட்டட ஒப்பந்தக்காரர், ஒரு நாளில் நாலைந்து தகவல் கேட்டு வரும் வாட்ஸ்ஆப் செய்திகள். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான். அவரே தலைமையாசிரியர், அவரே எழுத்தர்.

தலைமைப் பதவிக்குத் தகுதியானவர்களைத் தேடுவதும் சுலபமில்லை. பணி மூப்பை மட்டும் நம்பாமல் போட்டித் தேர்வு மூலம் ஆள் எடுக்க பிகார் முயன்றது. 2022-ல் 6,421 தலைமையாசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தது. சுமார் 13,000 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 421 பேர். 2024-ல் மறுபடியும் தேர்வு நடத்த வேண்டியதாயிற்று.

பயிற்சி என்ற மருந்தும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதவைத்த ஒரு முயற்சியைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. பாடம் நடத்தும் முறையிலும் மாணவர்களின் கற்றலிலும் மாற்றமில்லை என்பது 2020-ல் வெளியான முடிவு. திட்டம் எழுதியாயிற்று என்பதே வேலை முடிந்ததற்கு அடையாளமாகிவிட்டது.

டெல்லி அரசு 2015-க்குப் பிறகு வேறு விதமாக யோசித்தது. பிரின்சிபால்களைக் கேம்பிரிட்ஜுக்கும் ஆமதாபாத் ஐஐஎம்முக்கும் பயிற்சிக்கு அனுப்பியதுதான் அதிகம் பேசப்பட்டது. அதைவிடப் பயனுள்ள சீர்திருத்தம் பேசப்படாமலே போனது. குழாய், கழிப்பறை, காவல் போன்றவற்றைக் கவனிக்கப் பள்ளிகளில் 'எஸ்டேட் மேனேஜர்'கள் நியமிக்கப்பட்டார்கள். பிரின்சிபால் வகுப்பறைப் பக்கம் போகச் சிறிது நேரம் மிச்சமாயிற்று.

இதற்கு நேர் எதிரான பாடம் உத்தரப் பிரதேசத்தில் கிடைத்தது. 2024 ஜூலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். மாதத்தின் மத்தியிலேயே அரசு அதை நிறுத்திவைத்தது. ஆசிரியர்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் பள்ளிக்குள் தொழில்நுட்பம் முதலில் கண்காணிப்பாளராக அறிமுகமானால், பிறகு அதே கருவியைப் பாடம் நடத்தும் நண்பனாக ஏற்கச் சொல்வது தலைமையாசிரியருக்குத் தலைவலி.

2012-ல் டெல்லியில் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் உருவானது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் கேரளமும் டெல்லியும் காட்டுவது வேறொன்று. தலைமையாசிரியருக்கு உரை தேவையில்லை. உடைந்தால் தன் பணத்திலிருந்து பிடிக்க மாட்டார்கள் என்ற உறுதி வேண்டும். பழுது பார்க்கக் கொஞ்சம் பணமும், அதைக் கேட்காமல் செலவிடும் உரிமையும் வேண்டும். நம்பிச் சாவியைக் கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரு வகுப்பு சொதப்பினால் திட்டாமல், அடுத்த வாரம் மீண்டும் முயலச் சொல்லும் தைரியம் அவருக்கு வர வேண்டும். அது அவருக்கு மேலிருப்பவர்கள் அவரை நடத்தும் விதத்தைப் பொறுத்தது.

வகுப்பறைக்குச் செயற்கை நுண்ணறிவு வரப்போகிறது என்று மாநிலங்கள் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. 2024-ல் கேரளம் 80,000 ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் டெண்டர் விடும். புதிய பெட்டிகள் வந்து இறங்கும். இருப்புப் பதிவேட்டில் இன்னொரு வரி ஏறும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். அதன்பின் அந்தச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பது, அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் மனதில் வகுப்பறை இருக்கிறதா, தணிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.